சேலியமேட்டுக்கு மேலே முடிந்த பந்தயம்

வில்லியனூர், காலை ஏழே முக்கால். தேரடிக்கு எதிரே டீ பன்னிரண்டு ரூபாய். சர்க்கரை வேண்டாம் என்று நான் சொன்னதைக் கடைக்காரர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. இனித்த டீயைக் குடித்துவிட்டு, அந்த நாளின் முதல் எரிச்சலோடு ஜீப்பில் ஏறினேன். எரிச்சலோடு போயிருந்தால் பரவாயில்லை.

ஜீப்புக்கு நாள் வாடகை மூவாயிரத்து ஐந்நூறு, டீசல் நம்முடையது. ஓட்டுநர் அய்யனார் உள்ளூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். என் மனைவி வாணி முதுகில் தூக்கி வந்த மூட்டையைப் பார்த்ததும் அவர் இறங்கி ஓடிவந்தார்.

"இன்னா மேடம் இது, கல்யாண வூட்டு ஜமக்காளமா?"

"அது என் ரெக்கைங்க," என்றாள் வாணி.

உண்மையைத்தான் சொன்னாள். பாராகிளைடர் என்பது ஒரு பெரிய துணிச் சிறகு. அதிலிருந்து மெல்லிய கயிறுகள் இறங்கும். கயிறுகளின் அடியில் ஓர் இருக்கை, இருக்கையில் ஒரு மனிதர். இயந்திரம் கிடையாது. சூடான காற்று மேலே எழும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குள் வட்டமிட்டு ஏற வேண்டும். பிறகு சறுக்கிக்கொண்டே அடுத்த சூட்டைத் தேடிப் போக வேண்டும். இப்படியே முதலில் போய்ச் சேர்பவருக்குக் கோப்பை. வாணி சேலத்தில் வங்கி மேலாளர். வார நாட்களில் கடன் மனுக்களைத் திருப்பி அனுப்புவாள், வார இறுதியில் ஏலகிரிக்குப் போய்க் குதிப்பாள். நான் அதே ஊரில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். ஏணியில் நாலாம் படிக்கு மேல் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். அவள் மேலே பறக்க, நான் கீழே வண்டியில் துரத்த, இப்படித்தான் எங்கள் இல்லறம் ஐந்தாறு வருடமாக ஓடுகிறது.

வில்லியனூரிலிருந்து காட்டேரிக்குப்பம் பதினைந்து கிலோமீட்டருக்கு உள்ளேதான். ஆனால் அதற்குள் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வரும், தமிழ்நாடு முடிந்து மறுபடி புதுச்சேரி வரும். ஒரு கரும்புக் கொல்லை இந்த அரசு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேறு அரசு. "எங்க வூட்டு எருமை தெனம் ரெண்டு ஸ்டேட்டு மேயும் சார்," என்றார் அய்யனார். சாலையின் தரத்தை வைத்தே எல்லையைக் கண்டுபிடிக்கலாம் என்று சொல்லி, கண்ணை மூடுவதுபோல் நடித்தார். நான் பதறியதும் சிரித்தார். வாணியும் சிரித்தாள். கணவனைக் கேலி செய்ய அவளுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டது.

காட்டேரிக்குப்பம், எட்டரை மணி. ஊருக்கு வெளியே செம்மண் பொட்டல். மலை இல்லாத ஊரில் பறப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: தரையில் வின்ச் என்ற கயிறு சுருட்டும் இயந்திரத்தை வைத்துக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். பட்டம் ஏறுவதுபோல் ஆள் ஏறுகிறார். உயரம் வந்ததும் கயிற்றைக் கழற்றிவிடுகிறார். அன்று பதினான்கு பேர். இங்கிருந்து தெற்கே மடுகரை வரை போய், அங்கே திரும்பி, கிழக்கே பாகூர் போய்ச் சேர வேண்டும். எல்லாம் சேர்த்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

பந்தயத்தை நடத்துபவர் லூர்து. புதுச்சேரி நகரத்துக்காரர், கட்டைக் குரல். எல்லாரையும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, புறப்படுவதைப் பற்றி இரண்டு நிமிடமும் முடிப்பதைப் பற்றி இருபது நிமிடமும் பேசினார். அய்யனார் என் பக்கத்தில் குந்தி அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் கையைத் தூக்கினார்.

"சார், ரேஸு எங்க முடியும்?"

"வளையத்துல."

"வளையம் எங்க கீது?"

"ஆகாசத்துல."

அய்யனார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் அன்று நடந்ததெல்லாம் இதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேகமாகப் போக வேண்டுமானால் பறப்பவர் காலால் ஒரு கம்பியை மிதிக்க வேண்டும். மிதித்தால் சிறகு முன்னால் சாய்ந்து பாயும். அந்த நேரத்தில் முரட்டுக் காற்று அடித்தால் துணி மடிந்துவிடும். உயரத்தில் மடிந்தால் மறுபடி விரிய அவகாசம் உண்டு. தரைக்குப் பக்கத்தில் மடிந்தால் கிடையாது. பந்தயத்தின் முடிவுக் கோட்டைத் தரையில் போட்டால், ஆளாளுக்குக் கம்பியை மிதித்துக்கொண்டு தாழ்வாகக் கோட்டின்மேல் பாய்வார்கள். அதனால் களத்துக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் முன்னாலேயே, கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையத்தில் கடிகாரம் நின்றுவிடும். வளையத்தை முந்நூறு மீட்டர் உயரத்துக்குக் குறையாமல் தாண்ட வேண்டும், குறைந்தால் மதிப்பெண் போச்சு. அதற்குப் பிறகு அவசரமே இல்லை. கம்பியிலிருந்து காலை எடுத்துவிட்டு, களத்தைச் சுற்றிப் பார்த்து, காற்றை எதிர்த்து இறங்கி, துணியைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வருபவருக்கு வழிவிட வேண்டும். கடைசிச் சறுக்கலில் இருப்பவரிடம் ரேடியோவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

இந்த விதி எனக்கு வேதம். போன வருடம் வேறோர் ஊரில் தரையில் கோடு போட்டிருந்தார்கள். வாணி முதலிடத்துக்காகக் கம்பியை மிதித்துக்கொண்டு பாய்ந்தாள். தென்னை உயரத்தில் சிறகு மடிந்தது. கடலைக் கொல்லையின் இளகிய மண் அவள் உயிரைக் காப்பாற்றியது, கணுக்காலைக் காப்பாற்றவில்லை. ஆறு வாரம் கட்டு. கட்டுப் பிரித்த அன்று, "இனி கோட்டைப் பார்த்துப் பாயமாட்டேன்" என்று எனக்கு வாக்குக் கொடுத்தாள். பந்தயக்காரி கொடுத்த வாக்கு. நம்பினேன் என்று சொன்னால் பொய்.

"எறங்குற எடம் பாகூர்ல தணிகாசலம்னு ஒருத்தரு வயல்," என்று லூர்து முடித்தார். "நல்ல மனுசன். அறுத்த வயல மூணு ஏக்கர் வுட்டுக் குடுத்துகிறாரு. ஆனா ரேஸு மேலயே முடிஞ்சிடும்னு சொன்னதும் அவருக்கு மூஞ்சி தொங்கிப்போச்சி. என் நெலத்துல முடியாத ரேஸுக்கு என் நெலம் எதுக்குன்னு கேக்குறாரு. சும்மா ஒரு வெள்ளைக் கோடு போட்டுக்குங்க, ஜனங்க அதுக்குப் பின்னால நிக்கட்டும்னு சமாதானம் சொல்லிகினு வந்தேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதினொன்றே கால். வாணியை இழுத்தார்கள். கயிற்றைக் கழற்றி, ஊரின் பனைகளுக்கு மேல் இரண்டு வட்டம் போட்டு, சட்டென்று ஏற ஆரம்பித்தாள். மஞ்சள் சிறகு, ஓரத்தில் சிவப்பு. அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. "மேடம் சோக்கா ஏறுறாங்கோ சார்," என்றபடி அய்யனார் வண்டியைக் கிளப்பினார்.

மதகடிப்பட்டில் நெடுஞ்சாலையைத் தாண்ட மட்டும் பத்து நிமிடம் ஆனது. விழுப்புரம் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அதற்குள் அவள் தெற்கே மூன்று கிலோமீட்டர் போய்விட்டாள். என் கைப்பேசியில் பதினான்கு புள்ளிகள் வரைபடத்தில் ஊர்ந்தன. முன்னால் நீலப் புள்ளி பிரகாஷ், ஏலகிரிப் பையன், வயது இருபத்து மூன்று, பயம் என்றால் என்னவென்று தெரியாதவன். அவனுக்குப் பின்னால் வாணி. மற்றவர்கள் வெகு தூரத்தில்.

மடுகரை, பன்னிரண்டேகால். எல்லைக் கிராமம். சாலையோரம் நுங்கு, ஆறு சுளை ஐம்பது ரூபாய். வெட்டிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார்.

"இன்னா சார் அது, கட்சி வெளம்பரமா?"

"இல்லம்மா. ரேஸு. அந்த மஞ்சள் கலர் என் வீட்டுக்காரி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ கீழ நின்னு நுங்கு துன்றியா," என்றார். இன்னொரு சுளையை வாயில் போட்டுக்கொண்டேன்.

அங்கேதான் லூர்துவின் வண்டியைக் கடந்தோம். ஒருவர் நடுக் கரும்புக் கொல்லையில் இறங்கிவிட்டாராம். ஆளுக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஆள் உயரக் கரும்புக்குள் அவரைத் தேடி லூர்து அருவாளோடு உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

நெட்டப்பாக்கம் தாண்டும்போது காற்று மாறியது. ஜன்னலில் அதுவரை அனலாக வந்தது, உப்பு வாசனையோடு சில்லென்று முகத்தில் அடித்தது. கடல் காற்று. எங்களுக்குச் சுகம், மேலே இருப்பவர்களுக்குச் சனி. எதிர்க்காற்றில் சறுக்கினால் தூரம் கிடைக்காது. அதோடு, நிலத்துக் காற்றும் கடல் காற்றும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காற்று கொதிக்கும். பிரகாஷ் நேராகப் பாகூரை நோக்கிப் போனான். வாணி கரிக்கலாம்பாக்கம் பக்கத்தில் நின்று வட்டமிடத் தொடங்கினாள். ஒரு வட்டம், இரண்டு, மூன்று.

"எதுக்கு அங்கயே சுத்திகினு கீறாங்கோ? அந்தத் தம்பி போய்க்கினே கீறாரே," என்றார் அய்யனார்.

எனக்கும் அதே கேள்விதான். பயம் ஒரு பக்கம் இருந்தாலும், போட்டி என்று வந்துவிட்டால் நம் ஆள் தோற்பது யாருக்குப் பிடிக்கிறது? "போயேன்டி," என்று எனக்குள் முணுமுணுத்தேன்.

ஏம்பலம் வரும்போது கைப்பேசி அடித்தது. தணிகாசலம். மதியச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று கேட்க முதல் நாளே என் எண்ணை வாங்கியிருந்தார். பின்னால் பறைச் சத்தம் காதைக் கிழித்தது.

"சார்! எங்க வந்துகினு கீறீங்க? இங்க ஆயிரம் ஜனம் கூடிப்போச்சி! லூர்து சாரு வெறும் கோடு போடச் சொன்னாரு. வானத்துலேர்ந்து வர்ற ஆளுங்களுக்குக் கோடு போட்டு வுட்டா ஊருக்கு மரியாதையா? கோட்டு மேலயே ஆர்ச்சு நிறுத்திட்டோம் சார்! இருவது அடி! சீரியல் செட்டு, ஜெனரேட்டரு, எல்லாம் கீது!"

"ஐயா, ஆர்ச்சு வேண்டாம், அதை எடுத்துடுங்க…"

"ஆங்? கேக்கல சார்! மொதோ ஆளு ஆர்ச்சாண்ட வரும்போது வுடறதுக்கு ஸ்கை ஷாட்டு எட்டு பாக்ஸு வாங்கி வெச்சிகிறேன்! நானே பத்த வைக்கிறேன்! சீக்கிரம் வாங்க!"

நான் கத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். மறுபடி அழைத்தேன், மணி போய்க்கொண்டே இருந்தது. களத்தில் பந்தயம் நடத்தும் குழுவின் சார்பாக ஒரே ஒருவர்தான் இருந்தார், அவரும் எடுக்கவில்லை. லூர்து எண் தொடர்பு எல்லைக்கு வெளியே. கரும்புக்குள் இருக்கிறார், எப்படிக் கிடைக்கும்?

ஸ்கை ஷாட் என்றால் தெரியாதவர்களுக்கு: பெட்டியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஆகாயத்துக்குப் பாய்ந்து வெடிக்கும் வாணம். இப்போது அது இல்லாமல் அந்தப் பக்கம் கல்யாணமும் இல்லை, பிறந்தநாளும் இல்லை. அது போகும் உயரத்தில்தான் நைலான் துணியும் நூல் கனக் கயிறுகளுமாக என் மனைவி வரப்போகிறாள். அந்த மனிதர் கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். அன்பினால் செய்கிறவரை என்ன செய்வது?

"அய்யனாரே, மிதிங்க," என்றேன்.

ரேடியோவைக் கையில் எடுத்தேன். சொல்வதா வேண்டாமா? அவள் முரட்டுக் காற்றில் வட்டமிட்டுக்கொண்டிருக்கிறாள். நான் உளறினால் அவள் கவனம் சிதறும். சொல்லாவிட்டால் நேராக அந்த ஆர்ச் வளைவைப் பார்த்து இறங்குவாள். இன்னும் கடைசிச் சறுக்கல் ஆரம்பிக்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். பொத்தானை அழுத்தினேன்.

"வாணி, கோட்டு மேல ஆர்ச் கட்டியிருக்காங்க. முதல் ஆள் வந்ததும் வாணவெடி விடப்போறாங்க. கூட்டம் அதிகம். நாங்க போய் நிறுத்தப் பார்க்கிறோம்."

கரகரவென்று சத்தம். பிறகு அவள் குரல், வங்கியில் அடுத்த டோக்கனைக் கூப்பிடும் அதே குரல்.

"சரி. இனிமே பேசாதீங்க."

கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் கரும்பு டிராக்டர். இரண்டு டிரெய்லர், சாலையின் இரு ஓரமும் உரசுகிற பாரம். அய்யனார் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. டிராக்டர்க்காரர் திரும்பிப் பார்த்து, "எங்க போறது, ஆலைக்குத்தான போறேன், பறந்தா போவ முடியும்?" என்றார்.

"யோவ், பறக்குறவங்களுக்கோசரம்தான்யா வழி கேக்குறோம்! மேல பாரு!"

அவர் மேலே பார்த்தார். மஞ்சள் சிறகு எங்கள் தலைக்கு மேலே, மிக உயரத்தில், வட்டத்தை விட்டுக் கிழக்கே திரும்பிக்கொண்டிருந்தது. மனிதர் வாயைத் திறந்தபடி டிராக்டரை வயல் வழிக்குள் இறக்கிவிட்டார். ஒரு கட்டுக் கரும்பு சரிந்து விழுந்தது. நாங்கள் அதன்மேல் ஏறிப் போனோம்.

சேலியமேட்டைத் தாண்டும்போது பிரகாஷ் தெரிந்தான். கடல் காற்று அவனை அமுக்கிவிட்டது. வளையத்தை முந்நூறுக்குக் கீழே தாண்டியிருந்தான், களம் வரை எட்டவும் உயரம் இல்லை. கரும்பு வெட்டிய ஒரு கொல்லையில் சமர்த்தாக இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். அவன் பிழைத்தான். ஆனால் அதற்கு அர்த்தம், பாகூர் களத்துக்கு வரப்போகும் முதல் ஆள் வாணி. எட்டுப் பெட்டியும் அவளுக்குத்தான்.

கைப்பேசியில் அவள் புள்ளி வளையத்தைத் தொட்டது. உயரம் ஐந்நூற்றுச் சொச்சம். பந்தயம் அங்கேயே, சேலியமேட்டின் கரும்புக்கு மேலே, ஒருவரும் பார்க்காமல் முடிந்துவிட்டது. அவள்தான் முதல். எனக்கு அது உறைக்கவே இல்லை. ரேடியோ இன்னும் என் கையில்தான் இருந்தது. பொத்தானில் விரல் போகும், எடுப்பேன், மறுபடி போகும். இனிமே பேசாதீங்க என்றவளிடம் பேசாமல் இருப்பதைப்போலக் கஷ்டமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை.

பாகூருக்கு முன்னால் சாலைக்கு இடது கையில் களம். ஆயிரம் பேர் என்றது அளப்பு, ஐந்நூறு பேர் நிச்சயம். கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டியவர்கள் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றார்கள். தேர் வரும்போது தேருக்கு முன்னால் நிற்பவர்கள் நாம், முடிவுக் கோட்டுக்குப் பின்னால் எங்கே நிற்கப்போகிறோம்? நடுவில் வளைவு. அதன் உச்சியில் கைகூப்பியபடி ஆள் உயரப் படத்தில் தணிகாசலம். "வான வீரர்களே வருக! வருக!" இரு பக்கமும் மூங்கில் நட்டு, மூங்கிலுக்கு மூங்கில் விளக்கு ஒயர். குழுவின் ஒற்றை ஆளைப் பொன்னாடை போர்த்தி மேடையில் உட்கார வைத்திருந்தார்கள். பாவம், அவர் எழுந்து எழுந்து எதையோ சொல்ல, இரண்டு பேர் மரியாதையாக அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாணி களத்துக்கு மேலே வந்துவிட்டாள். ஒரு பெரிய வட்டம். பார்க்கிறாள் என்று புரிந்தது. கூட்டம் ஒரே குரலில் கத்தியது. அவள் எந்தப் பக்கம் சாய்ந்தாளோ அந்தப் பக்கம் கூட்டமும் ஓடியது. பக்கத்தில் வரப்புக்கு அந்தாண்ட உளுந்து வயல் காலியாக இருந்தது. அவள் அதை நோக்கித் திரும்பியதும், ஜனம் வரப்பைப் பார்த்து ஓட ஆரம்பித்தது. அவள் இறங்க ஓர் இடம் வேண்டும், அந்த இடத்தில் மனிதர் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. அது நடக்காது போலிருந்தது.

நான் ஓடினேன். தணிகாசலம் வேட்டியை மடித்துக் கட்டி, கையில் ஊதுபத்தியோடு பெட்டிகளுக்கு முன்னால் குனிந்துகொண்டிருந்தார். என் குரல் பறையில் கரைந்தது. கையைக் காலை ஆட்டினேன். நானும் குஷியில் ஆடுகிறேன் என்று நினைத்து ஒருவர் என்னோடு சேர்ந்து ஆடினார். இன்னும் ஐம்பதடி இருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு அநாதையாக நான் உணர்ந்ததில்லை.

அப்போது ஒலிபெருக்கி வீறிட்டது.

"கரன்ட்டு ஒயரு அறுந்து கீது! கீழ கெடக்குது! யாரும் காலத் தூக்காதீங்கோ! அப்பிடியே நில்லுங்கோ!"

அய்யனார். மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கியிருந்தார்.

அந்த மண்ணில் ஏக்கருக்கு ஏக்கர் போர்செட்டு. மழைக்கும் காற்றுக்கும் ஒயர் அறுந்து, ஈர வயலில் கால் வைத்த மாடும் மனிதரும் செத்த கதை இல்லாத தெரு இல்லை. ஐந்நூறு பேரும் அந்தந்த இடத்தில் அப்படியே நின்றார்கள். பறை நின்றது. ஓடியவர்கள் வரப்புக்கு இந்தப் பக்கமே ஒற்றைக் காலில் நின்றார்கள். தணிகாசலம் திரிக்கு ஒரு முழம் மேலே ஊதுபத்தியைப் பிடித்தபடி சிலையானார். சொல்ல வெட்கம்தான், இருபது வருடமாக ஒயர் விற்கும் நானும் நின்றுவிட்டேன்.

அந்த மௌனத்தில் துணி காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. அவள் எங்கள் தலைகளுக்கு மேலே, வளைவை விட்டு வெகு தள்ளி, கடல் காற்றை எதிர்த்து வந்தாள். கால்கள் தொங்கின. யாரும் அசையவில்லை. உளுந்து வயலின் நட்டநடுவில் இரண்டு எட்டு ஓடி நின்றாள். மஞ்சள் சிறகு அவளுக்குப் பின்னால் மெல்லப் படுத்தது.

நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்ற ஆள், "சார், ஒயரு எங்க கீது, ஒங்காண்டயா?" என்று கேட்டார்.

ஒயர் எதுவும் அறுந்து விழவில்லை என்று தெரிந்தபோது தணிகாசலம் அய்யனாரை அடிக்கக் கை ஓங்கினார். மேடையிலிருந்த குழு ஆள் அப்போதுதான் விடுபட்டு ஓடிவந்து, வாணவெடி எங்கே போகும், சிறகு எதனால் ஆனது என்று சொன்னார். தணிகாசலத்தின் ஓங்கிய கை மெதுவாக இறங்கியது. ஊதுபத்தியை மண்ணில் குத்தி அணைத்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. போதாக்குறைக்கு உளுந்து வயல் அவரோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியுடையது. அந்தப் பங்காளி, "மொதோ ஆளு என் கொல்லையிலதான் எறங்குனாங்கோ" என்று அதற்குள் ஊருக்கே அறிவித்துக்கொண்டிருந்தார்.

"மத்தவங்க வர எவ்ளோ நேரம் கீது?" என்று கேட்டார் தணிகாசலம்.

"இருபது நிமிஷம்," என்றார் குழு ஆள்.

"ஆர்ச்ச சாய்ங்கடா!"

சாய்த்தார்கள். மூங்கிலைப் பிடுங்கினார்கள், ஒயரைச் சுருட்டினார்கள். ஜனத்தைக் கயிறு பிடித்துக் கோட்டுக்குப் பின்னால் அவரே தள்ளினார். வளைவை எங்கே போடுவது என்று கேட்டபோது ஒரு நிமிடம் யோசித்தார். களத்தின் ஓரத்தில், எழுத்து மேலே தெரிகிறபடி மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னார். ஒன்றே முக்காலுக்கு இரண்டாவதாக வந்த பெரியவர் பூப்போல இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றியதும் கேட்ட முதல் கேள்வி: "கும்புட்டுக்கிட்டு ஒருத்தர் மல்லாந்து கிடக்காரே, அது யாருங்க?"

அன்று களத்தை எட்டியவர்கள் ஐந்து பேர். ஒருவருக்கும் கீறல் இல்லை. வாணிக்குப் பின்னால் வந்த நாலு பேரும் அந்த 'வருக'வை வானத்திலிருந்தே படித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். மட்டன் பிரியாணி பிரமாதம்.

சாயங்காலம் வில்லியனூருக்குத் திரும்பினோம். சேலியமேட்டில் அய்யனார் வண்டியை ஓரங்கட்டி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி அண்ணாந்து பார்த்தார். "இங்கதான் மேடம் ஜெயிச்சாங்கோ, இல்ல சார்?" மேலே ஒரு கொக்குக் கூட்டம் போனது, வேறு ஒன்றும் இல்லை. அவர் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

வாணி பின் இருக்கையில் மூட்டைமேல் சாய்ந்திருந்தாள். கரிக்கலாம்பாக்கத்தில் எதற்கு அத்தனை வட்டம் போட்டாய் என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே தெரிந்தது. நான் தண்டம் என்று நினைத்த அந்த வட்டங்களில் சேர்த்த உயரம்தான், களத்தைச் சுற்றிப் பார்க்கவும் பக்கத்து வயலைத் தேர்ந்தெடுக்கவும் அவளுக்குக் கிடைத்த அவகாசம். ஆர்ச்சைப் பற்றி நான் சொல்லும் முன்பே அவள் சுற்ற ஆரம்பித்திருந்தாள். எனக்குக் கொடுத்த வாக்கை அவள் காப்பாற்றினாள், நான்தான் கீழே நின்று "போயேன்டி" என்றவன்.

நான் கூடப் போகாத வாரங்களில், அவள் ஏலகிரியில் பறந்துவிட்டுச் சேலத்து வீட்டுக்குத் திரும்பும்போது நான் வாசல் கேட்டிலேயே நிற்பேன். அவள் வண்டியை நிறுத்தும் முன்பே எப்படி, எவ்வளவு உயரம், காற்று எப்படி என்று மேலே விழுந்து கேட்பேன். இனி நாலடி தள்ளி நிற்க வேண்டும் என்று தோன்றியது.

வில்லியனூர்க் கோபுரம் தெரிந்தபோது அவள் கை பின்னாலிருந்து வந்து என் தோளில் விழுந்தது. ரேடியோ இன்னும் என் மடியில் இருந்தது.

"என்னங்க," என்றாள். "இப்பப் பேசலாம்."